பனியில் உப்பிய சொத்து எண்

அனுப்புநர்:
அதிகாலைப் படப் பணியாளர் (தற்காலிகம்),
நீர்மட்டக் கண்காணிப்புப் பிரிவு,
நீர்த்தேக்க அலுவலகம்.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
நீர்த்தேக்க அலுவலகம், முதல் மாடி.

பொருள்: அலுவலகக் கேமராவின் பேட்டரி கிரிப் பனிக்காலையில் மின்சாரம் விட்டுவிட்டுத் தருவது – காரணம் தெரிந்துவிட்டது – அதன் சொத்து எண் ஒட்டுத்தாளை அகற்ற அனுமதியும், என் மீதான குறிப்பாணையைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பணி நேரத்தில் உறங்கியதாக எனக்குத் தரப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும் தாள்களோடு இதையும் சேர்ப்பதற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. ஒவ்வொரு நாளும் விடியும் வேளையில், காற்று கிளம்புமுன், கரைச்சுவரின் நடைபாலத்தில் நின்று நீரளவுத் தூணைப் படம் எடுப்பது என் வேலை. தூண் உச்சி முதல் தண்ணீர் தொடும் இடம் வரை ஒரே படத்தில் வர வேண்டும் என்பதால் கேமராவை நெடுக்காகப் பிடிக்கிறேன். முக்காலி வைக்க அங்கே இடம் இல்லை. பாதுகாப்பு விதிப்படி கைபேசியை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே சுவரின் மேல் நானும் கேமராவும் மட்டும்.

2. பனி இறங்கும் நாட்களில் அங்கே எதுவும் மிச்சம் இல்லை. சுவர் பத்தடிக்கு அப்பால் கரைந்துவிடும். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இருக்காது. தூணின் எண்கள் மட்டும், எதிலும் ஒட்டாமல், மிதந்துகொண்டிருக்கும். நான் கேமராவை உயர்த்துவேன். திரை ஒளிரும். நெடுக்காகத் திருப்புவேன். திரை இருண்டுவிடும். கேமராவின் அடியில் மாட்டியிருக்கும் பேட்டரிப் பிடியான கிரிப்பில், சற்றுமுன் நிறைந்திருந்த இரண்டு பேட்டரிகளும் இல்லாததுபோல் ஆகிவிடும். படுக்கையாகத் திருப்பினால் சில வேளை விழித்துக்கொள்ளும். சில வேளை அதுவும் இல்லை.

3. படங்கள் வராததற்கு நான் தந்த எழுத்து விளக்கத்தில் இதை, "கனவில் நடப்பது போல் இருந்தது" என்று குறிப்பிட்டிருந்தேன். உதவிப் பொறியாளர் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். படம் இல்லாத காலைகளில் நான் பம்பு அறையில் படுத்திருந்ததாகக் குறிப்பாணை சொல்கிறது. நான் உள்ளே வந்ததை வாசல் காவலர் அறிவார். அதற்குப் பிறகு நடந்ததை, பனியைத் தவிர, யாரும் அறியார்.

பணிவுடன் தெரிவிப்பது: உறங்கியது நான் அல்ல. கேமரா.

4. நான் சும்மா இருக்கவில்லை. பேட்டரிகளை இடம் மாற்றிப் போட்டேன். ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். புதிய பேட்டரிகளைக் கடன் வாங்கிப் போட்டேன். மின்தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்தேன். கிரிப்பைக் கேமராவோடு இறுக்கும் திருகுச் சக்கரத்தை நகம் உடையும்வரை திருகினேன். கிரிப்பைக் கழற்றிவிட்டு வெறும் கேமராவில் எடுக்கலாம் என்றால், அதன் பேட்டரி அறையின் சிறு மூடியை யாரோ என்றோ கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். அந்த மூடி இல்லாமல் கேமரா கண் திறக்காது.

5. பழுதுபார்க்கும் கடைக்குப் பலமுறை கொண்டுபோனேன். அங்கே போவது நண்பகலில். அங்கே அது ஒருமுறைகூட அணையவில்லை. நெடுக்காக, தலைகீழாக, எப்படிப் பிடித்தாலும் எரிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. "தம்பி, இதுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா தூங்கி எந்திரிச்சு வாங்க" என்றார். ஊரே என் உறக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

6. சென்ற செவ்வாய்க்கிழமை, பனியில், கேமரா வழக்கம்போல் அணைந்தது. கோபத்தில் அல்ல, வேறு எதுவும் செய்யத் தோன்றாததால், கிரிப்பைக் கழற்றி அதன் மேற்புறத்தை விரலால் தடவினேன். கேமராவின் அடிப்பாகம் வந்து உட்காரும் இடம் அது. அங்கே நம் அலுவலகச் சொத்து எண் ஒட்டுத்தாள் இருந்தது. அதன் அடியில் போன வருடத்தது. அதன் அடியில் அதற்கும் முந்தையது. தேநீரில் நனைத்த பிஸ்கட் போல எல்லாம் ஊறி உப்பியிருந்தன.

திரும்ப மாட்டி, இரண்டு கைகளாலும் கேமராவையும் கிரிப்பையும் சேர்த்து அழுத்தினேன்.

திரை ஒளிர்ந்தது.

ஒரே ஒரு படம். கையைத் தளர்த்தினேன். இருட்டு.

7. விளக்கம் எளியது. தாள் ஈரம் குடித்து உப்புகிறது. இடைவெளி விழுகிறது. நெடுக்காகப் பிடிக்கையில் கேமராவின் எடை அதைச் சற்றே கூட்டுகிறது, மின்தொடுமுனை விலகுகிறது. வெயில் ஏற ஏறத் தாள் காய்ந்து அடங்கிவிடுகிறது. கடைக்கு நான் கொண்டுபோனது ஒவ்வொரு முறையும் குணமான நோயாளியை. பொருள் அறையில் அன்றே சோதித்தேன்: ஈரத்துணியால் ஒற்றியதும் அணைந்தது, மேசை விளக்கின் சூட்டில் காட்டியதும் பிழைத்தது.

8. இந்தச் சோதனையைப் பொருள் அறைப் பொறுப்பாளரான அக்காவின் முன்னால்தான் செய்தேன். ஒட்டியவர் அவர்தான். ஆனால், ஐயா, அவர் பிழை என்று இதை யாரும் எழுதிவிடக் கூடாது. முன்பு அந்த எண் கிரிப்பின் வெளிப்புறத்தில், உள்ளங்கை படும் இடத்தில் இருந்தது. வியர்வையில் அழிந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் எண் எங்கே என்று கேட்டு, அவரை நடைவழியில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார்கள். அதன் பிறகு, எந்தக் கையும் படாத இடமாகத் தேடி ஒட்டினார். கை படவில்லை. மின்சாரமும் படவில்லை.

விளக்குச் சூட்டில் திரை ஒளிர்ந்தபோது அக்கா கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அடப்பாவி, இத்தன நாளா என் ஸ்டிக்கருக்கா நீ திட்டு வாங்குன?" என்றார். சிரிக்கத்தான் தொடங்கினார். முடிக்கவில்லை. "கிழிச்சிடாத தம்பி. நம்பர் இல்லன்னா மறுபடியும் என்னத்தான் நிக்க வைப்பாங்க."

9. எனவே நான் கிழிக்கவில்லை. சொத்து எண்ணை அகற்ற அலுவலகத் தலைவரின் எழுத்து அனுமதி தேவை என்பது விதி. உதவிப் பொறியாளரிடம் கேட்டேன். "ஒரு ஸ்டிக்கருக்காக நான் மேல போய் நிக்கணுமா?" என்றார். அவர் நிற்க வேண்டாம் என்றுதான் இம்மனு நேராகத் தங்களிடம் வருகிறது. வரும் திங்கட்கிழமை என் பணிநீட்டிப்புக் கோப்பும் தங்களிடம் வருகிறது. குறிப்பாணை அதன் மேல் குத்தப்பட்டிருக்கும். தாங்கள் அதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் அவசரம்.

10. வேண்டுவன:

கிரிப்பின் மேற்புறத்து ஒட்டுத்தாள்கள் அனைத்தையும் அகற்ற எழுத்து அனுமதி. எண் தொலையாது. கிரிப்பின் கைப்பட்டையில் அதை நூலால் தைத்துத் தர அக்கா சம்மதித்திருக்கிறார்.

குறிப்பாணையிலிருந்து "உறங்கினார்" என்ற சொல்லை நீக்குதல். படங்கள் இல்லை என்பது உண்மை. அந்த வரி இருக்கட்டும்.

அக்காவிடம் விளக்கம் எதுவும் கேட்காதிருத்தல். இது மட்டும் மறுக்கப்படுமானால், மற்ற இரண்டையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

11. ஐயமிருந்தால் தாங்களே ஒரு காலையில் கரைச்சுவருக்கு வரலாம். கேமராவைத் தங்கள் கையில் தருகிறேன். அது அணையும். அதன் பிறகு சற்று நேரம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்தச் சற்று நேரத்தில்தான் தண்ணீரின் மேல் வெளிச்சம் வரும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல். படம் இல்லாத ஒவ்வொரு காலையிலும் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதிவில் சேர்க்க முடியாத இத்தகவலைத் தங்கள் பார்வைக்கு மட்டும் வைக்கிறேன்.

12. இதை எழுதுவது பிற்பகலில். சன்னல் வெயில் மேசையில் விழுகிறது. கேமரா என் அருகில் நெடுக்காக நிற்கிறது, எரிகிறது, ஒரு குறையும் இல்லை. என் புகாரே அதுதான்.

நாளைக் காலையும் பனி இருக்கும் என்கிறார்கள். அதற்குள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரி கிடைத்தால் போதும்.

இடம்: நீர்த்தேக்க அலுவலகம், பொருள் அறை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
அதிகாலைப் படப் பணியாளர்

இணைப்பு: செவ்வாய்க்கிழமை எடுத்த படம், ஒன்று. சற்றுச் சாய்ந்திருக்கிறது. நீர்மட்டம் தெளிவாகத் தெரிகிறது. ஓரத்தில் தெரியும் கட்டைவிரல் என்னுடையது.