கீழ்வீட்டு கேஸ் செக்கிங்

எடிசன், நியூ ஜெர்ஸி
19-11-2006, ஞாயிறு

அன்பு மகள் மஹ்ஜபீனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் உன் உம்மாவும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். காயல்பட்டினத்தில் மழை விடாமல் பெய்கிறது என்று உம்மா சொன்னாள், பத்தாம் வகுப்பு என்று பயந்து நனைந்துகொண்டே டியூஷனுக்கு ஓடாதே, ஒரு நாள் போகாவிட்டால் கணக்கு மறந்துவிடாது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது, போனில் சொன்னால் உம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், ஈமெயிலில் எழுதினால் பிரவுசிங் சென்டரில் உன் தோளுக்குப் பின்னால் நான்கு பேர் நின்று படிப்பார்கள். நீ படித்து முடித்த பிறகு நீயே உம்மாவிடம் கொடு.

போன வாரம் நீ அனுப்பிய ஈமெயிலில் மூன்றே வரி. நலமா வாப்பா, மாடல் டெஸ்ட் முடிந்தது, கீழ்வீட்டில் காற்று வரும் வழியை யாரோ அடைத்துவிட்டதால் தீக்ஷாவுக்கு மூன்று வாரமாகத் தலைவலியாம், அடைத்தது யார் என்று கண்டுபிடித்தீர்களா. அவ்வளவுதான். அதே நாளில் தீக்ஷாவுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அவள் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள், நான் படிக்கவில்லை, நீளத்தை மட்டும் பார்த்தேன். சரி, கேட்டாய், பதில் இதுதான், அடைத்தவன் நான். பரீட்சை முடிந்ததும் இங்கே வந்துவிடுவதா, அங்கேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்வதா என்பதை உம்மா உன் முடிவுக்கு விட்டிருக்கிறாள். இதைப் படித்த பிறகு இந்த ஆளோடு போய் இருக்கத்தான் வேண்டுமா என்று உனக்குத் தோன்றலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். மறைத்துவைத்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் வேறு.

இந்த வீட்டை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, மேலே ஒரு குடித்தனம் கீழே ஒரு குடித்தனம் என்று இருக்கிற பழைய மரவீடு. கீழ்ப்பகுதி நம் மூவருக்கும் என்றுதான் வாங்கினேன், தோட்டத்தைப் பார்த்த அறை உனக்கு என்று நானே பெயின்ட் அடித்தேன். உன் உம்மா பள்ளிக்கூட வேலையை விட மனமில்லாமல் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றாள். வீட்டுக் கடன் அடுத்த வருடம் வரை காத்திருக்காது, அதனால் நான் மாடியில் இருந்துகொண்டு கீழே செல்வராஜ் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். அவர் கரூர்க்காரர், ஒரு மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறார், மனைவி ஜலஜா, மகள் தீக்ஷா உன்னைவிட ஒரு வயது சின்னவள், ஈமெயிலிலேயே உனக்குத் தோழியும் ஆகிவிட்டாள். வாடகை ஒன்றாம் தேதி காலையில் என் கதவுக்கே வந்துவிடும். அந்த மனிதரிடம் ஒரு குறை சொல்ல முடியாது, எனக்கு எரிச்சலே அதுதான். என்னைவிடப் படிப்பு கம்மி, சம்பளமும் கம்மி, ஆனால் அவர் கார் வந்து நிற்பதற்குள் அந்தப் பெண் வாசலுக்கு ஓடிவந்து அவர் கையிலிருக்கிற பையைப் பிடுங்குவாள். அதே நேரத்துக்கு நான் வந்தால் எனக்கு ஒரு ஹாய் அங்கிள். நீ சைக்கிள் பழகியதை நான் போட்டோவில் பார்த்தேன். இங்கே அவர் மகளின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினார், அதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உனக்குப் பெயின்ட் அடித்த அறையில் வேறொருத்தர் மகள் படுத்துத் தூங்குகிறாள், அதற்கு அவர் எனக்குக் காசு கொடுக்கிறார், நான் வாங்கிக்கொள்கிறேன். இதில் அவர் செய்த தப்பு எதுவும் இல்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருக்கிறது. கீழ்வீட்டைச் சூடாக்குகிற கேஸ் ஃபர்னஸ் அதற்குள்தான் இருக்கிறது. அந்த அறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுச்சுவரில் கம்பி போட்ட இரண்டு துவாரங்கள், ஃபர்னஸ் எரியத் தேவையான காற்று அந்த வழியாகத்தான் வரும். அதே வழியில் அவர்கள் வீட்டு வாசனையும் பேச்சும் புகுந்து, குழாய்கள் போகிற இடுக்கில் ஏறி, என் படுக்கையறைக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்து பூரி சுடுவார்கள். ரமலானில் இரண்டாவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன், நான் நோன்போடு படுத்திருந்தேன், பூரி உப்பவில்லை போலிருக்கிறது, செல்வராஜ் சொல்கிறார், "எண்ணெய்லாம் கரெக்டாத்தான் காஞ்சிருக்கு, மாவு உங்கம்மா பிசைஞ்சது, அவள மாதிரியே மொறச்சுக்கிட்டு கெடக்கு." அந்தப் பெண், "டாடி, ஷி கேன் ஹியர் யூ" என்று சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த மாதிரி கேட்டது. பசியில் செய்துவிட்டேன் என்று நினைக்காதே, இத்தனை வருடம் நோன்பு வைத்தவனுக்குப் பூரி வாசனை ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் மத்தியானம் கடைக்குப் போன பிறகு அந்த அறைக்குள் போய், இரண்டு துவாரத்துக்கும் பிளைவுட் துண்டு வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்தேன். அப்போது குளிர் வரவில்லை, ஹீட்டிங் போடவில்லை, குளிர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். தினமும் ஞாபகம் வந்தது, தினமும் நாளைக்கு என்றேன், மாடியில் சத்தமில்லாமல் நன்றாக இருந்தது.

அக்டோபர் நடுவில் செல்வராஜ் வந்து, குளிர் தொடங்குவதற்குள் ஒரு ஆளைக் கூப்பிட்டு கேஸ் செக்கிங் செய்துவிடலாமா பாய் என்று கேட்டார். அவர் ஆபீஸில் ஒருவருடைய வீட்டு ஓனர் வருடா வருடம் தன் செலவில் செய்து கொடுக்கிறாராம். விசாரித்தேன், நூற்று எண்பத்தைந்து டாலர். லீஸில் அப்படி எதுவும் எழுதவில்லை, ஒரு மணி நேர வேலைக்கு இது கொள்ளை, போன வருடம் நன்றாகத்தானே ஓடியது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காசு ஒரு காரணம். ஆள் வந்தால் பிளைவுட்டைப் பார்ப்பான், அது இரண்டாவது காரணம். இந்த ஆளுக்கு எல்லாம்தான் இருக்கிறதே, இதுவும் என் கையிலிருந்து வேண்டுமா என்றும் தோன்றியது, உள்ளதைச் சொன்னால் முதல் காரணமே அதுதான். செக்கிங்குக்கு ஆளைக் கூப்பிடும் முன் நானே போய் பிளைவுட்டைப் பிடுங்கியிருக்கலாம், பிடுங்கினால் மறுபடி அந்தச் சிரிப்பு மேலே வரும்.

பத்து நாளில் தீக்ஷாவுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது, ஜலஜாவுக்கும் காலையில் எழுந்தால் தலை கனக்கிறதாம். டாக்டர் அலர்ஜி மாத்திரை கொடுத்தார். செல்வராஜ் மறுபடி வந்து கேட்டார். நான் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழே போய், அவர் கண்முன்னே கேஸ் குழாயின் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவிக் காட்டினேன், ஒரு குமிழ்கூட வரவில்லை. பாருங்கள், லீக் இல்லை, இதற்குத்தான் நூற்று எண்பத்தைந்து டாலர் கேட்கிறான் என்றேன். அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் பாய் இன்ஜினியர், அவரே பார்த்துவிட்டார் என்றார். சோப்புத் தண்ணீர் குழாயில் லீக் இருந்தால்தான் காட்டும். காற்றில்லாமல் ஃபர்னஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அது புகைக்குழாயில் மேலே போகாமல் திரும்பி, சூடான காற்று போகிற குழாய்கள் வழியாக அவர்கள் அறைகளுக்குள் வரும், அதற்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. இதை நான் காலேஜில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். அடைத்துவைத்த சுவருக்கு இரண்டடி தள்ளி நின்று குமிழ் காட்டினேன். புகை வந்தாலும் இந்த வாயு வந்தாலும் கத்துகிற அலாரம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும், அவர்கள் வீட்டில் அது ஏன் கத்தவில்லை என்று நீ கேட்பாய், கடுகு தாளித்தாலே கத்துகிறது என்று அவர்கள் பாட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டிருந்தார்கள், இங்கே நம் ஆட்கள் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான். அது அவர்கள் தப்பு. மற்றதெல்லாம் என்னுடையது.

இந்த மாதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை, செல்வராஜ் தன் காசில் ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் அந்த வாயுவை அளக்கிற ஒரு மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நடையில் நுழைந்தார், சமையலறைக்குப் போவதற்குள் அது கத்தியது. எல்லோரையும் கோட்டுகூடப் போடவிடாமல் வெளியே அனுப்பிவிட்டு, ஃபர்னஸை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, பிளைவுட்டைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் குளிர் கூடி ராத்திரி முழுக்க ஓடியிருந்தால் இவர்களைத் தலைவலியோடு பார்த்திருக்க மாட்டோம் என்றார், சத்தம்கூடப் போடாமல் சாதாரணமாகத்தான் சொன்னார். பிளைவுட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான் அங்கேதான் நின்றேன். செல்வராஜ், பழைய டெனன்ட் எவனோ பண்ணிருப்பான் பாய் என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு மணி நேரம் ஆக்ஸிஜன் வைத்து, பயமில்லை என்று அனுப்பினார்கள், தீக்ஷா இப்போது நன்றாக இருக்கிறாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தப் பழைய டெனன்ட் மேலேயே பழியை விட்டுவைத்தேன். செவ்வாய்க்கிழமை உன் மூன்று வரி வந்தது, புதன்கிழமை சாயங்காலம் கீழே போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை, நான்தான் அடைத்தேன் என்றேன். வாசனையும் சத்தமும் மேலே வந்தது என்று காரணம் சொன்னேன், பொறாமை என்று சொல்ல வாய் வரவில்லை, அதை உனக்குத்தான் எழுதுகிறேன். செல்வராஜ் எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். ஜலஜா இந்தப் பதினான்கு மாதமும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அன்று, "உங்க பொண்ணு அந்த ரூம்ல படுத்திருந்தா அத மூடியிருப்பீங்களா சார்?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். வேறென்ன சொல்ல. "அவ்வளவுதான் கேட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் செல்வராஜ் மாத முடிவில் காலி செய்கிறோம் என்றார். அட்வான்ஸையும் அந்த நூற்று எண்பத்தைந்தையும் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், தேங்க்ஸ் சொல்லவில்லை, அதுதான் சரி. இனி இந்த வீட்டில் யார் இருந்தாலும், நான் மட்டுமே இருந்தாலும், வருடா வருடம் ஆள் வந்து மீட்டர் வைத்துப் பார்ப்பான், இனி போடுகிற லீஸில் அது என் செலவு என்று எழுதி வைத்துவிட்டேன்.

நேற்று அவர்கள் பெட்டி கட்டினார்கள். அட்டைப்பெட்டி மூடவில்லை என்று அந்தப் பெண் மேலே ஏறி உட்கார்ந்து அழுத்துகிறாள், செல்வராஜ் டேப் ஒட்டுகிறார், இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருந்தால் மூடியிருக்கும் என்று கேலி செய்கிறார். உன் வாப்பாவுக்கு அப்போதும் வயிறு எரிந்தது. திருந்திவிட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன், எரிகிறது, ஆனால் என்ன செய்யும் என்று இப்போது தெரியும். நீ இங்கே வர வேண்டும் என்பதற்காக இதில் ஒரு வரியையும் பூசி மெழுகவில்லை. வருவதானால் வா, அங்கேயே படிப்பதானால் படி, எதுவானாலும் உம்மாவைக்கொண்டு சொல்லாதே, நீயே எழுது, மூன்று வரியானாலும் சரி.

நம் வீட்டு சிலிண்டரின் ரப்பர் குழாயை மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்று உம்மாவிடம் கேள், ஞாபகமில்லை என்றால் இந்த வாரமே மாற்றச் சொல். தொழுகையை விடாதே, கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்காதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல அறிவையும், என்னிடம் இல்லாத பொறுமையையும் தருவானாக. உம்மாவுக்கு என் ஸலாம் சொல். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், செல்வராஜ் புது வீட்டு அட்ரஸை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீக்ஷா உனக்குக் கட்டாயம் எழுதுவாள், நீயும் இரண்டு பக்கம் எழுது. அட்ரஸை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

உன் வாப்பா
நெய்னா முகம்மது