சம்பந்தி பந்தியில் ஒரு ஸ்பூன்

"அவரே சாப்பிடுவார், விடுங்கள்" என்று அன்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளின் கல்யாணத்தில் உங்களுக்கு நேர் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். மெதுவாகச் சொல்லியிருந்தால்கூட எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

இன்று காலை செங்கல்பட்டு மார்க்கெட்டில் வாழையிலை வாங்கினேன். "ஆஸ்பத்திரில இன்னா மேடம், விருந்தா?" என்று கடைக்காரர் கேட்டார். கை விழுந்துபோன ஒருவருக்கு இலையில் சாப்பிடப் பழக்க வேண்டும் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? சிரித்துவைத்தேன். பஸ்ஸில் மடியிலிருந்த இலையின் பச்சை வாசனை விடவேயில்லை. இந்த வேலைக்காக நான் முதன்முதலில் இலை வாங்கியது உங்களுக்குத்தான், அண்ணா.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். பக்கவாதம் வலக்கையையும் வலக்காலையும் முடக்கியது. பிசியோவில் நடக்கப் பழகிய பிறகு, கைத்தடி ஊன்றி எங்கள் ஆக்குபேஷனல் தெரபி அறைக்கு வந்தீர்கள். மேஜைமேல் இருந்த பட்டன் பலகை, துணி கிளிப், விரல்களால் பிசையும் களிமண் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தீர்கள்.

"இன்னா இது, எல்கேஜியா? அங்க ஒரு தம்பி கால நடக்க வெச்சிட்டான். நீ இன்னா பண்ணுவ பாப்பா?"

"நடந்து போய் நீங்க என்ன செய்யப் போறீங்களோ, அதுக்குத்தான் நான்."

"நடந்து போயி சோறு துன்னுவேன். வேற இன்னா?"

அறையே சிரித்தது. ஆனால் எனக்கு அன்றைய வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் துறை போரில் கை, கால் முடங்கித் திரும்பியவர்களைக் கொண்டு வளர்ந்தது என்று படித்திருக்கிறேன். கூடை முடைய வைத்து, மரம் இழைக்க வைத்து, அவர்களை மறுபடி வாழ்க்கைக்குள் கொண்டுவந்தார்களாம். அந்தப் புத்தகங்களில் ஒரு கை போனால் மறு கையைப் பழக்கு என்று ஒரே வரியில் இருக்கிறது. எழுதியவர்களின் ஊரில் எந்தக் கையில் சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை போலும்.

"பீச்சாங்கைலயா?" என்றீர்கள், நான் இடது கையில் ஸ்பூனை வைத்ததும். "எங்கக்கா பாத்துச்சின்னா தட்டோட தூக்கி நாய்க்கு வெச்சிடும்."

அண்ணி இறந்த பிறகு உங்களையும் உங்கள் மகளையும் பார்த்துக்கொண்டவர் அந்த அக்காதான். மூன்று வேளையும் அவர்தான் ஊட்டினார். வாயைத் திறப்பதைத் தவிர உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிவான பிறகு நீங்களாகவே இடது கையை நீட்டினீர்கள். "சம்பந்தியோட பக்கத்துல குந்திகினு துன்னணும் பாப்பா. அவரு முன்னாடி எங்கக்கா எனக்கு ஊட்டிகினு இருந்தா, பொண்ணு குடுக்குற அப்பன் மாதிரியா கீது? சீக்காளி மாதிரிதான கீது?"

சைக்கிள் ட்யூபைச் சுற்றி ஸ்பூனின் கைப்பிடியைத் தடிமனாக்கினேன். தட்டில் சாப்பிட வந்துவிட்டது. இலையில் வரவில்லை, தள்ளத் தள்ளச் சோறு வழுக்கி வெளியே போனது. ஈரத் துண்டைச் சுருட்டி இலையின் அடியில் வைத்தேன். ஓரம் மேடானது, சோறு நின்றது. "சாம்பாருக்கு டேம் கட்டுன மொத ஆளு நீதான்" என்றீர்கள். மூக்கெல்லாம் பருப்பு. உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மண்டபம் மாமல்லபுரத்தில், கடலை ஒட்டி. காற்றில் இலை நுனிகள் எழும்ப, எல்லாரும் டம்ளர் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். உங்கள் இலைக்கு அடியில் துண்டை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து ஸ்பூனை எடுத்தீர்கள். முதல் வாய் சரியாகப் போனது. இரண்டாவதும் போனது.

சம்பந்தி நல்ல மனிதர். நீங்கள் இடது கையால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி அள்ளுவதைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. "பாவம், எவ்ளோ கஷ்டப்படறாரு. யாராவது ஊட்டி வுடுங்கப்பா" என்றார்.

பின்னால் நின்றிருந்த அக்காவுக்கு அது சாட்டையடி மாதிரி இருந்திருக்க வேண்டும். தம்பியைக் கவனிக்க ஆளில்லை என்று சம்பந்தி வீட்டார் நினைத்துவிட்டார்களே! "நான் உசுரோட இருக்கசொல்ல எந்தம்பி பீச்சாங்கைல துன்னணுமா?" என்று உங்கள் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி ஓரமாக வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினார்.

நான் பேச வாயெடுத்தேன். நீங்கள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினீர்கள். பிறகு வாயைத் திறந்தீர்கள்.

நீ பேச வேண்டாம் என்றா, இனி என்னால் முடியாது என்றா அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அக்கா முந்தானையால் உங்கள் வாயைத் துடைத்தார். "குடுத்து வெச்ச தம்பி" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பந்தியில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் நெகிழ்ந்துபோயிருந்த இடத்தில், உங்களிடமிருந்து ஏதோ பறிபோகிறது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். விரல்களைப் பழக்க எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பாசத்தின் எதிரே என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம், யார் முன்னால் சாப்பிட வேண்டும் என்று முதலிலேயே கேட்கிறேன். வீட்டாரையும் கூட்டி வரச் சொல்கிறேன். வருகிறார்கள், தலையாட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய் ஊட்டுகிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எங்கள் அறைக்கு வரவில்லை. போன் செய்தபோது அக்கா எடுத்தார். "அவனுக்கு இன்னாத்துக்கு மேடம் அந்தக் கஷ்டம், அதான் நான் கீறனே" என்றார். மழைக்காலத்தில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்து இறந்துபோனீர்கள். அதுவரை ஒவ்வொரு வேளையும் அக்காதான் ஊட்டினார்.