கொய்யா வேரில் முடிச்சு

ஓமந்தூர்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் வெனிலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஆஷ்லினும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றும் பூசையில் கேட்டுக்கொண்டேன். தினமும் போனில் பேசுகிறவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு முறை ஆரம்பித்து, மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன்.

நம் கொய்யாத் தோட்டம் போய்விட்டதம்மா. காய் பிடிக்கிற நேரத்தில் இலை பழுப்பேறி, தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச மரம் வாடிற்று. மருந்துக்கடையில் சொன்னதையெல்லாம் அடித்துப் பார்த்தேன். பொங்கல் முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து மலர்விழி என்று ஒரு வேளாண் அலுவலர் வந்தது, உன் வயசுதான் இருக்கும். மரத்தைத் தோண்டச் சொல்லி வேரை அலசியது. ஜெபமாலை மணி கோத்த மாதிரி வேர் முழுக்க முடிச்சு. முடிச்சு இருந்தால் நல்லதுதானே என்றேன் நான், நாற்பது வருசம் மல்லாட்டை போட்டு வேர்க்கடலை விற்றவன் இல்லையா. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. வரப்புக்கு அந்தண்டை ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வந்து இரண்டு வேரையும் என் கையில் கொடுத்தது. மல்லாட்டை முடிச்சு நகம் பட்டதும் உதிர்ந்தது, உள்ளே சிவப்பு, அது மண்ணுக்கு உரம் சேர்க்கிற முடிச்சு. கொய்யா முடிச்சு உதிரவே இல்லை, அங்கே வேரே வீங்கியிருந்தது. பிளந்து பூதக்கண்ணாடி வைத்துக் காட்டியது. கடுகில் பாதி கூட இல்லாத வெள்ளைப் புழு, நூற்புழுவாம். வேருக்குள் புகுந்து எச்சில் விட்டதும் அந்த இடம் வீங்கிவிடுமாம், பிறகு அது நகராதாம், மரமே அதற்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்குமாம். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு மண்ணில் விடுமாம். வாசல் புங்க இலையில் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது என்று பயந்தேனே, அது ஏதோ சிலந்திப்பேனாம், மரத்துக்கு ஒன்றும் ஆகாதாம். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயந்திருக்கிறேன்.

தோட்டம் போனதற்காக இதை எழுதவில்லை. நம் நிலத்தில் கூலிக்கு வந்துகொண்டிருந்த பெரியசாமி, இருபத்திரண்டு வருசம் உழைத்து அறுபது சென்ட் வாங்கினானே, கொய்யாக் கன்று விற்கிற வண்டி வந்த அன்றைக்கு அவனும் என்னோடு நின்றான். அவன் கன்றில் ஒரு பை கிழிந்து வேர் தெரிந்தது. இன்னாண்ணே முடிச்சு முடிச்சா கீது, வாணாம்னு திருப்பிக் குடுத்துடட்டுமா என்று கேட்டான். மல்லாட்டை வேர்ல பாத்ததில்லையாடா, முடிச்சு இருந்தாதான் தெம்பு, எடுத்துக்கினு போ என்று சொன்னவன் நான். என் பேச்சைக் கேட்டு அத்தனையும் நட்டான்.

மலர்விழி வந்து போன அன்றைக்கே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாசம் தள்ளினேன். அதற்குள் அவன் பட்டுப்போன மரத்தைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் கத்திரி நட்டுவிட்டான். கத்திரியும் தக்காளியும் அந்தப் புழுவுக்கு விருந்து, கேப்பையோ துலுக்கச் சாமந்தியோ போடுங்கள் என்று அந்தப் பிள்ளை என்னிடம் படித்துப் படித்துச் சொன்னது. அவனிடம் நான் சொல்லவில்லை. கத்திரியும் போயிற்று. என் கைக்குக் கூலி வேலதான் ராசி, சொந்த மண்ணு ஒட்டல என்று ஊரில் சொல்லிவிட்டு, பெண்டாட்டி குப்பம்மாளையும் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை விழுப்புரம் பஸ் ஏறி சூளைக்குப் போனேன். வெயிலில் இரண்டு பேரும் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று விடாமல் சொன்னேன். குப்பம்மாள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவன் திட்டுவான் என்று நின்றேன். சேறு அப்பிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்ப என் கை மேல குத்தம் ஒண்ணும் இல்லீங்களாண்ணே என்று மட்டும் கேட்டான். நாலு அடி அடித்திருந்தால் தேவலை. முன்பணம் வாங்கிவிட்டதால் இந்த சீசன் முடியாமல் அவர்களால் அங்கிருந்து வர முடியாது. அதுவரை அவன் நிலத்தில் நானே கேப்பை போட்டு வைக்கிறேன் என்றேன், அவன் குனிந்து அடுத்த கல்லை அறுக்க ஆரம்பித்தான்.

போன மே மாசம் நம் தோட்டத்து மண்ணோடு தொட்டியில் வைத்து இரண்டு கொய்யாக் கன்று ரயிலில் கொண்டு போனாயே, இரண்டையும் பிடுங்கிப் பார். பார்த்துவிட்டு வேரோடு கொளுத்திவிடு, அந்த மண்ணை யார் தோட்டத்திலும் கொட்டாதே. மாப்பிள்ளையிடம் சொல்லி மண்வெட்டியையும் கழுவி வை. ஆஷ்லின் அழுவாள், வேறு கன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே. உங்கள் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தில் அந்தக் கன்றிலிருந்து யாருக்காவது பதியன் போட்டுக் கொடுத்திருந்தால், இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் எழுந்து போய்ச் சொல்லிவிடு.

உன் அப்பா,
பிரான்சிஸ்