நடுவில் ஒரு வளைவு

மார்ச் 4, செவ்வாய்

செவிலியர் கல்லூரி அரங்கத்தில் புதுப் புரொஜெக்டரை ஏற்றிவிட்டோம். கேபிள் அண்ணன் ஏணியில் நின்று சீலிங்கில் ஸ்டாண்டை முடுக்கினார். நான் கீழே ரிமோட்டோடு. கம்பி இழுப்பது அவர் வேலை என்பதால் கம்பெனியில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் ஞாபகம் இல்லை.

ஆன் செய்ததும் படம் தலைகீழ். மெனுவோ ஏதோ புரியாத மொழியில். "என்னம்மா இது, எறும்பு மைல விழுந்து எழுந்து நடந்த மாதிரி" என்றார். எந்த மொழியாக இருந்தால் என்ன, இந்த மெனு எனக்குச் சமையலறை மாதிரி, இருட்டிலும் கை சரியான டப்பாவுக்குப் போகும். மொழியை மாற்றி, படத்தை நிமிர்த்தி, அளவு பார்க்கும் கட்டத்தைத் திரையில் போட்டேன். கறுப்பில் வெள்ளைக் கோடுகள், கணக்கு நோட்டு போல.

நடுவில் ஒரு கோடு வளைந்திருந்தது.

"அண்ணே, ஸ்டாண்ட் சாய்வா இருக்கு."

"நேராத்தானே இருக்கு?"

"இல்ல, பாருங்க, நடுவுல."

பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். ஏணியை மறுபடி நகர்த்தினார். திறப்பு விழா அடுத்த வெள்ளி. நாள் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

கழற்றி மாட்டினோம். வளைவு அப்படியே இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கீஸ்டோன் மெனுவில் உட்கார்ந்தே பகல் போயிற்று. படம் மேலே விரிந்து கீழே சுருங்கினால் இழுத்துச் சரிசெய்கிற இடம் அது. மேலே ஏற்றினேன், இறக்கினேன். பிறகு நான்கு மூலைகளையும் தனித்தனியாக இழுக்கும் பகுதிக்குப் போனேன். இடது மூலையைச் சரிசெய்து நிமிர்ந்தால் அங்கே நேராகிவிட்டது போலிருக்கும். வலது மூலையைப் பார்ப்பேன், வளைவு அங்கே வந்து நிற்கும். மறுபடி இடது பக்கம் பார்த்தால் இங்கே. என்னோடு விளையாடுகிறதா?

கேபிள் அண்ணன் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இப்பதாம்மா கோணலா இருக்கு. முதல்ல நல்லா இருந்துச்சு."

எனக்குச் சுரீரென்று வந்தது. "கம்பி இழுக்கறத நீங்க பாருங்க. படத்த நான் பாத்துக்கறேன்."

அவர் எழுந்து வெளியே டீ குடிக்கப் போனார். எனக்கு வாங்கிவரவில்லை.

மார்ச் 10, திங்கள்

முதலாளி போன் செய்தார். "அந்த ஹால் இன்னுமா முடியல?"

ஸ்டாண்டு சரியாக மாட்டப்படவில்லை என்று சொன்னேன். "யாரு, கேபிளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 12, புதன்

குடோனிலிருந்து வேறு மெஷின் கொண்டுபோய்ப் போட்டோம். வேறு லென்ஸ். இதுவரை பெட்டி பிரிக்காதது.

அதிலும் வளைவு.

எப்படி? இரண்டு மெஷினிலும் ஒரே கோளாறா? ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, முகம் தொங்கிப் போயிருக்கு?" கோடு வளைகிறது என்றேன். "என்கிட்ட டிரைவிங் கத்துக்க வர்றவங்ககிட்ட நேரா போங்கன்னாலும் அப்படித்தான் வளையுது" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

முதல் மெஷினையே திரும்ப மாட்டி, மூலைகளை என் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை இழுத்து நிறுத்திவிட்டேன். அரங்கத்தைக் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு நின்று பார்த்து, "ஒரு மாதிரியா இருக்கே?" என்றாள். பழகினால் சரியாகிவிடும் என்றேன். யாருக்குப் பழகினால்?

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

கல்லூரி முதல்வர் அம்மா பேச எழுந்ததும் திரையில் இதயத்தின் படம் வந்தது. மாணவிகள் சிரித்தார்கள். முதலில் ஒரு மூலையில், பிறகு அரங்கம் முழுக்க. அடுத்து ஆசிரியர்களின் படங்கள். எல்லோர் தலையும் ஒரு பக்கம் வீங்கி, தாடை இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு இருக்கிறதாம், பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பெரிய கோணல் தெரியவில்லை. என்னால் அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதுதான் பயங்கரம்.

முடிந்ததும் முதலாளி எல்லோர் முன்னாலும் கேபிள் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஸ்டாண்ட நேரா மாட்டத் தெரியல. இத்தன வருஷம் என்னத்த கிழிச்ச? திங்கக்கிழமைலேர்ந்து வராத."

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை.

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, சனி

கண்ணுதான். என் கண்ணுதான்.

காலையில் தனியாகப் போனேன், படத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வர. மெனுவில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகிற இடம் இருக்கிறது. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கட்டத்தைப் போட்டேன். சீலிங்கிலிருந்து தூசி விழுந்து வலது கண் உறுத்தியது. கண்ணாடியைத் தூக்கிக் கையால் மூடிக் கசக்கினேன். ஒரு நொடி இடது கண் மட்டும்.

என் இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண். அது பார்ப்பதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. வலது கண்ணை நம்பித்தான் இந்த வயது வரைக்கும் வண்டி ஓடியது. அந்தச் சோம்பேறிக் கண்ணுக்குக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. மங்கலாக, ஆனால் நேராக. எல்லாமே நேராக.

கையை எடுத்தேன். வளைவு. மூடினேன். நேர். எடுத்தேன். மூடினேன். எத்தனை தடவை செய்திருப்பேனோ.

ஸ்டாண்டும் சரி, லென்ஸும் சரி. அந்த மனுஷன் மாட்டினது முதல் நாளே நேராத்தான் இருந்திருக்கு. பாவி, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்!

மார்ச் 16, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் கம்பி, கதவு நிலை, தரையில் டைல்ஸ் சேரும் இடம் என்று வீடு முழுக்கக் கோடுகள். எதை நேராகப் பார்த்தாலும் அது நெளிகிறது. இந்த நோட்டின் வரியும்தான்.

மகள் தலை வாரச் சொல்லி வந்தாள். அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். மூக்கும் ஒரு கண்ணும் தண்ணீருக்குள் இருப்பது போல அசைந்தன. "ஏம்மா அப்படி பாக்கற?" என்றாள். சிக்கு என்று சொல்லிப் பின்னால் திருப்பி உட்காரவைத்தேன்.

இருக்கிறது ஒரு கண். அதுவும் போனால்?

மார்ச் 17, திங்கள்

அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு நகைச்சுவையும் வரவில்லை. டிரைவிங் வகுப்பை ரத்துசெய்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கண் டாக்டர் ஒரு அட்டையை நீட்டினார். கட்டம் போட்ட அட்டை. "நடுப்புள்ளியைப் பாருங்க. கோடு எப்படித் தெரியுது?" எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

கண்ணாடிப் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு வரக்கூடியதாம். விழித்திரை மெலிந்து, புதிதாகக் கோணல்மாணலாக ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறது. அதனால் திரை மேடுபட்டு நேர்க்கோடு வளைவாகத் தெரிகிறது. "எவ்வளவு நாளா இருக்கு?"

"பத்துப் பதினஞ்சு நாளா. நான் மெஷின்ல கோளாறுன்னு நெனச்சேன்."

"முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்திருப்பார் போல, குரலைத் தாழ்த்தினார். "கண்ணுக்குள்ள ஊசி போடணும்மா. இருக்கறதக் காப்பாத்தத்தான் ஊசி. போனது முழுசா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

வரும் வழியில் அவர் என் கையை விடவே இல்லை, சாலை கடக்கிற குழந்தையைப் பிடிப்பது போல.

மார்ச் 19, புதன்

ஊசி போட்டாயிற்று. வலியைவிட, வருவது தெரிந்தும் கண்ணை மூட முடியாதது கொடுமை.

மார்ச் 21, வெள்ளி

கேபிள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் உள்ளே போனார். அண்ணன் பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

நின்றபடியே சொல்லி முடித்தேன். கண், ஊசி, முதலாளியிடம் அவர் பெயரைச் சொன்னது எல்லாம்.

வெகுநேரம் ஒரு திருகாணியையே துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு நேராத்தாம்மா தெரிஞ்சுது. ஆனா நீ கோணல்னு சொன்னா, எனக்கு என் கண்ணு மேல சந்தேகம் வந்துடுச்சு. வயசாச்சு, கை நடுங்குதோன்னு... வீட்டுக்கு வந்து சுவத்துல ஆணி அடிச்சு, நூல் கட்டிப் பாத்தேன்."

சுவரில் அந்த ஆணிகள் இருந்தன.

"முதலாளிகிட்ட சொல்லப் போறேன்ணே."

"சொன்னா உன்ன வேலைலேர்ந்து எடுத்துடுவாரு. ஊசிக்கு யாரு குடுப்பா? நான் இப்படி எதையாவது பிரிச்சு மாட்டிப் பொழச்சுக்குவேன்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். முதலாளி நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். இல்லை, என் கண்ணாடியைப் பார்த்தார். "படம் காட்டறதுதான் நம்ம தொழில். படம் தெரியாத ஆள வச்சுட்டு நான் என்ன பண்றது?" கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.

கேபிள் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். என்னை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். எதுவரை என்று இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒன்றுமில்லை. படுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

இரண்டாவது ஊசி போட்ட பிறகு இன்று பரிசோதனை. கசிவு நின்றுவிட்டது. கெட்டுப்போன இடம் வடுவாகிவிட்டது. எதை நேராகப் பார்க்கிறேனோ அதன்மேல் ஒரு சாம்பல் கறை உட்கார்ந்துகொள்கிறது. "இதுக்கு மேல கெடாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். இதுதான் இனி நல்ல செய்தி.

இதைச் சோம்பேறிக் கண்ணை வைத்துப் பெரிய பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் பிடிக்கிறது. மகள் முகம் ஓரத்தில் தெரிகிறது. அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவளைப் பார்க்கக் கூடாது. எதற்கு இப்படி ஒரு பிழைப்பு?

மே 16, வெள்ளி

கேபிள் அண்ணன் போன். ஏணி மேலிருந்து பேசுகிறார் போல, மூச்சு வாங்கியது. "புதுப் பையன் ஊருக்குப் போயிட்டான். மெனுவுல எதையோ தட்டிட்டேன், மறுபடி அந்த எறும்பு பாஷை. சனங்க வந்து உக்காந்தாச்சு. என்னம்மா பண்றது?"

படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன். மெனு தெரிந்தது, கறையில்லாமல். "மெனு பட்டன அழுத்துங்க. வலது பக்கம் நாலு தட்டு. இப்ப கொடி மாதிரி ஒரு படம் இருக்கா? அதுல கீழ ரெண்டு..."

"அட, வந்துருச்சு" என்றார். பின்னால் யாரோ கைதட்டினார்கள். என்னை நினைத்து இல்லை, ஆனாலும்.

எழுந்து போய் முகம் கழுவினேன்.

மே 26, திங்கள்

அண்ணன் முதலாளியிடம் என்ன பேசினார் என்று தெரியாது. மெஷின் வாங்கிப்போனவர்கள் சந்தேகம் கேட்டு அழைத்தால் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். சம்பளம் குறைவு. போனும் ஒரு மேஜையும். போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவ்வளவுதான். பெரிதாக நம்பிக்கை இல்லை.

ஜூன் 12, வியாழன்

மதியம் ஒருவர் அழைத்தார். அப்பா இறந்துவிட்டாராம், சாயங்காலம் நினைவுக் கூட்டம். அவருடைய பழைய படங்களைச் சுவரில் காட்ட வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர். "அப்பா முகம் ஒரு பக்கமா இழுத்துட்டு நிக்குதுங்க. பாக்கவே முடியல. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"பதறாதீங்க. முதல்ல மெஷின சுவருக்கு நேரா, நடுவுல வைங்க. மெனுவ அழுத்துங்க. என்ன தெரியுதுன்னு படிச்சுச் சொல்லுங்க."

படித்தார். நான் சொன்னேன். அவர் அழுத்தினார். ஒரு இடத்தில் தவறாகப் போய்த் திரும்பி வந்தோம். கட்டத்தைப் போடச் சொன்னேன். மேலே ரெண்டு, இன்னும் ஒண்ணு, போதும்.

"இப்ப கோடு எப்படி இருக்கு?"

"நேரா இருக்குங்க. எனக்கு நேராத்தான் தெரியுது. கேமராவ ஆன் பண்றேன், நீங்களே ஒரு தடவ பாத்துடறீங்களா?"

"வேண்டாங்க" என்றேன். "நீங்க பாத்தா போதும்."