மாமனாருக்குக் காப்பி

கரும்புத் தோட்டம், எஸ்குயிந்த்லா
14 அக்டோபர் 1976

தோமாசா,

உயிரோடு இருக்கிறேன். முதுகு மட்டும் என்னுடையதாக இல்லை. நீ அல்லேலூயாக்காரர்களோடு சேர்ந்துவிட்டாய் என்று தம்பி செப்பே சொல்லியனுப்பினான். பிப்ரவரி பூகம்பத்தில் நம் மகன் மிஞ்சோ செத்துப்போன பிறகு நீ சாராயம் குடித்தாய். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நானும் சேர்ந்துதானே குடித்தேன். நீ அவர்களோடு சேர்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செத்தவர்கள் வீடு தேடி வரும் நாள், நவம்பர் ஒன்று வருகிறது. இறந்து போன பிறகு மிஞ்சோ வீட்டுக்கு வரும் முதல் முறை. நான்கு வயதுப் பிள்ளை, வழி தடுமாறும். வாசலிலிருந்து படையல் மேசைவரை சாமந்தி இதழ் போடு. வெல்லத்தில் வெந்த பூசணி வை. செத்துப்போன என் அப்பாவுக்கு எப்போதும்போல ஒரு கிளாஸ் சாராயம். கதவைச் சாத்தாதே. இதெல்லாம் இல்லாத வீட்டுக்கு நான் திரும்பி வரமாட்டேன்.

லாசரோ

கோமாலாப்பா
22 அக்டோபர்

என் அன்புள்ள லாசரோவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததும் ஜெபவீட்டுக்காரர்கள்தான்.

நீங்கள் கடலோரத் தோட்டத்துக்குப் போன பிறகு, நம் இடிந்த சுவரை அள்ள ஜெபவீட்டு ஃபெலிசா தினமும் வந்தாள். வாயைத் திறந்து பிரசங்கம் பண்ணவில்லை. மண்ணுக்குள்ளிருந்து மிஞ்சோவின் ஒற்றைச் செருப்பு வந்த அன்று நான் அவள்மேல் கத்தினேன். "உங்க கர்த்தர் அப்ப எங்கடி போயிருந்தாரு?" அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியல தோமாசா. நானும் அதத்தான் அவர்கிட்ட கேட்டுட்டிருக்கேன்" என்றாள்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் பின்னால் போனேன். ஒரு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒருநாள் ஜெபத்தில் யாரோ பக்கத்தில் இருப்பது போல இருந்தது. போல என்ன, இருந்தார். அன்றைக்குக் குடிக்காமல் தூங்கினேன்.

மேசை வைப்பது எங்கள் வழக்கமில்லை என்கிறாள் ஃபெலிசா. சாராயப் புட்டி வீட்டுக்குள் வந்தால், அது மாமனார் வரும்வரை காத்திருக்காது. உங்களுக்கே தெரியும்.

உங்கள் தோமாசா

எஸ்குயிந்த்லா
27 அக்டோபர்

தோமாசா,

படித்தேன். மேசை வைப்பாயா, மாட்டாயா?

லாசரோ

கோமாலாப்பா
3 நவம்பர்

என் அன்புள்ள லாசரோவுக்கு,

முதலில் செப்பே வீட்டுக்குப் போனேன். "என்ன அண்ணி, பாட்டுப் பாட வந்தீங்களா?" என்றான். "அப்பாவுக்கு ஒரு கிளாஸ் சாராயம் இங்க வச்சிடுப்பா, என்னால முடியாது" என்று கேட்டேன். "குடிச்சிட்டு ரோட்டுல கெடந்தப்பகூட எங்க அண்ணியா இருந்தீங்க. இப்ப நீங்க யாரோ" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

வீட்டுக்கு வந்து சாமந்தி இதழ் போட்டேன். பூசணி வேகவைத்தேன். மாமனார் கிளாஸில் கறுப்புக் காப்பி ஊற்றினேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஃபெலிசா வந்து பார்த்தாள். சபையில் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் இதழை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஜெபித்தோம். நான் மிஞ்சோவைக் கூப்பிடவில்லை. "கர்த்தாவே, பூசணி வெந்திருச்சு, அவன்கிட்ட சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அது போதும் என்று நம்புகிறேன். கதவைச் சாத்தவில்லை.

சாராயம் வைக்காத வீடு உங்களுக்கு வேண்டாமென்றால் எழுதிவிடுங்கள். வாசலைப் பார்த்துப் பார்த்து நான் களைத்துவிட்டேன். நீங்கள் வராவிட்டாலும் உங்களுக்காக ஜெபிப்பேன், அதைத் தடுக்க முடியாது.

தோமாசா

எஸ்குயிந்த்லா
21 நவம்பர்

தோமாசா,

அப்பாவுக்குக் காப்பி பிடிக்காது.

உன் கடிதம் வந்ததிலிருந்து கோபமாகவே கரும்பு வெட்டினேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து அவர் செத்த அன்று காலையிலும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஆயுசில் யாரும் அவர்முன் ஒரு கிளாஸ் காப்பியை நீட்டியதில்லை.

என்னைப் பாட்டுப் பாடச் சொல்லாதே. கடைசி பெஞ்சுக்கும் கூப்பிடாதே, இப்போதைக்கு.

ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் வருகிறேன். எனக்கும் காப்பியே வை. நான் உயிரோடு இருக்கும்போதே குடித்துவிடுகிறேன்.

உன் லாசரோ