மலையேறும்போது பாடியது

அன்பு மகளுக்கு,

வீட்டுக்கு எழுதினால் உனக்குச் சங்கடம். அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கம் மலைக்கோயிலுக்கு நீயும் வருவாய் என்று எனக்குத் தெரியாது. எருசலேம் ஆலயத்துக்கு ஏறிப்போன சனங்கள் பாடியதாக வேதத்தில் இருக்கிற திருப்பயணப் பாடலைப் பாடிக்கொண்டே ஏறினேன். நடவு வயலில் நான் உனக்குக் கற்றுக்கொடுத்த பாடல்தான். அடுத்த வரியைப் பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்தது. திரும்பினால் நீ.

"யாரும்மா இவங்க?" என்று உன் மாமியார் கேட்டார்.

"எங்க ஊர்க்காரங்க அத்தே," என்றாய்.

அந்த அம்மாள் நல்லவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயில்லாத பொண்ணுங்க இது. ரெண்டு வார்த்த அன்பா பேசிட்டுப் போங்க," என்றார். நம் சேரித் தெருவை மறைக்க என்னையும் புதைத்துவிட்டாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"உங்களுக்குப் பசங்க எத்தினி?"

"ஒரு பொண்ணு இருந்திச்சிம்மா."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆறுதல் சொல்லும்படி உன்னிடம் சொன்னார். நீயும் வந்து, "அழாதீங்க, ஆண்டவர் பாத்துக்குவார்," என்றாய். ஊர்பேர் தெரியாதவளிடம் சொல்வதுபோல, ஒரு சொல்கூடத் தடுமாறாமல் சொன்னாய். நான் அழவேயில்லை. உச்சிக்குப் போகாமல் பாதியிலேயே இறங்கி வந்துவிட்டேன்.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா