வலது பக்கம் சத்தம் வரவில்லை

2 டிசம்பர் 2024, திங்கள்

மழை விட்டபாடில்லை. நெல் அறுக்கிற மெஷின் அதன் சொந்தக்காரர் ராஜாராம் அண்ணன் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதை ஓட்டுகிற என் வீட்டுக்காரர் இங்கே போர்வைக்குள் கிடக்கிறார்.

சாயங்காலம் எழுந்து எங்கேயோ போனவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். அண்ணன் மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டானாம். அவன் விளையாடிய கேம் பெட்டியை, "சும்மாதான கீது, எத்துக்கினு போ தினேசு" என்று அண்ணன் கொடுத்துவிட்டாராம். அண்ணன் சொன்னது இங்கே வீட்டிலிருந்த எனக்கே கேட்டிருக்க வேண்டும். அவர் சாதாரணமாகப் பேசினாலே உத்திரமேரூர் பஸ் நின்றுவிடும்.

மீசையில் நரை வந்த ஆளுக்குக் கேம் பெட்டி! ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. திட்டினேன், அது வேறு.

3 டிசம்பர்

டிவி என்னுடையது. என் சீரியல் நேரத்தில் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

5 டிசம்பர், வியாழன்

மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். அதைவிடக் கொடுமை எனக்கு வேறு வேண்டாம். நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. கடைக்கார சுலோச்சனா அக்காவிடம் கேட்டேன். "எத்துக்கோடி, எடமாவது மிச்சமாவும்" என்றார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஸ்டாப்பில் காத்திருந்து வாங்கிக்கொண்டார். அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டும், என்னைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலப்பக்கம்தான் நடந்தார். கொஞ்ச வருஷமாக இது ஒரு பழக்கம். நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். போன வருஷம் வீட்டில் பூஜை செய்தபோது ஐயர் என்னை வலப்பக்கம் உட்காரச் சொல்ல, "இந்தப் பக்கமே குந்தட்டும் சாமி" என்று இவர் அடம்பிடித்ததில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

8 டிசம்பர், ஞாயிறு

படம் வந்துவிட்டது! ஒரே வயர். இந்த முனை பெட்டியில், அந்த முனை மானிட்டரில். மானிட்டர் பளிச்சென்று நீலமாக ஆனதும் இருவரும் கைதட்டினோம்.

ஆனால் சத்தம் இல்லை. இந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாதாம். மதியமே போய் மைக் வைத்த ஹெட்செட் வாங்கி வந்தார். அதைக் கையில் பிடிக்கிற ரிமோட்டின் அடியில் ஒரு ஓட்டையில் செருக வேண்டும். செருகினோம். அப்போதும் ஊமை. போனில் வீடியோ பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்: செட்டிங்கில் போய், 'எல்லாச் சத்தமும் ஹெட்செட்டுக்கு' என்று மாற்ற வேண்டும். மாற்றினேன். அப்படியே குதித்தார்.

"கேக்குது செவ்வந்தி! மழ பெய்யறது கூட கேக்குது!"

வெளியே பெய்வதுதான் அது என்றேன். இல்லை, கேமிலும் மழையாம்.

10 டிசம்பர்

ஹெட்செட்டில் ஒரு பக்கம் போச்சு என்கிறார். வலது பக்கம் சத்தமே வரவில்லையாம். அந்தப் பக்கமிருந்து வருகிறவன் எல்லாம் இவரைச் சுட்டுவிட்டுப் போகிறானாம். பாவம்.

13 டிசம்பர், வெள்ளி

வேலை முடிந்து ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சூப்பரா கீதுக்கா" என்றான். என்னை ஏமாற்றுகிறாயா என்று சண்டை போட்டேன். நீங்களே பாருங்கள் என்று என் காதில் மாட்டினான்.

இரண்டு பக்கமும் வந்தது.

15 டிசம்பர், ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை.

காலையில் அவர் விளையாடிக்கொண்டிருந்தார். "வருதா?" என்றேன். வலது பக்கம் இல்லை என்றார். ஹெட்செட்டைக் கழற்றி, திருப்பி மாட்டிவிட்டேன். வலது காதில் இருந்த பக்கம் இப்போது இடது காதில். கோளாறு ஹெட்செட்டில் என்றால், இப்போது இடது பக்கம்தானே ஊமையாக வேண்டும்?

"இப்ப எந்தப் பக்கம் மாமா வரல?"

"அதே பக்கம்தான். வலது."

அவருக்கும் அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். இல்லை — புரிந்தது எனக்குத்தான். அவருக்கு முன்பே தெரியும். இவ்வளவு மோசம் என்றுதான் தெரியாது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மெஷினில் புகைக்குழாய் வலது பக்கம். சீசன் முழுக்க அதன் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இவர் தலை.

"எத்தினி நாளா மாமா? ஏன் என்னாண்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்குவ. அண்ணனுக்குத் தெரிஞ்சா மெஷின வேற ஆள்கிட்ட குடுத்துடுவாரு. காது கேக்காதவன நம்பி எவன் வயல்ல மெஷின எறக்குவான்?"

அப்புறம்தான் கேட்டேன். ரோட்டில் நடக்கும்போது, பூஜையில், பஸ்ஸில் — எல்லாம் இதற்குத்தானா? நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேனே.

"வேற எவன் பேசறதும் வுட்டுப்போனா போவுது," என்றார். "நீ பேசறது வுட்டுப்போவக் கூடாது இல்ல."

அழுதுவிட்டேன். அப்புறம் திட்டினேன். இடது காதில்.

20 டிசம்பர், வெள்ளி

காஞ்சிபுரத்தில் காது டாக்டரைப் பார்த்தோம். வலது காதில் நரம்பு பழுதாகிவிட்டது, பழையபடி ஆகாது. இடது காது நன்றாக இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மெஷினில் ஏறும்போது இரண்டு காதையும் மூடுகிற உறை கட்டாயம் போட வேண்டும் என்றார். இவர் தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும், "போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது? இடது காதும் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்?

29 டிசம்பர், ஞாயிறு

செட்டிங்கை நோண்டிக்கொண்டிருந்தேன். 'மோனோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதிலும் வரும். சொல்லாமல் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "வர்றான், வர்றான், வலது பக்கம் எவனோ கீறான்!" என்று கத்தினார். எந்தப் பக்கமென்று காதுக்குத் தெரியாதாம், சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆள் நிற்கிறானாம். இன்று யாரும் இவரைச் சுடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

14 ஜனவரி 2025

பொங்கல். காது உறை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிப் பரணில் வைத்தார்.

31 ஜனவரி, வெள்ளி

பெருநகர் கிராமத்தில் அறுப்பு தொடங்கி நான்கு நாள். காது உறைக்குப் பதில் என்ன செய்கிறார் தெரியுமா? கேம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வயரைச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறாராம். பார்க்கிறவர்கள் பாட்டு கேட்கிறான் என்று நினைத்துக்கொள்வார்களாம்! அது சத்தத்தை எங்கே தடுக்கும் என்று கேட்டால், "கொஞ்சம் தடுக்குது" என்கிறார்.

1 பிப்ரவரி, சனி

வந்தது வினை. வயல்காரர் ஒருவர் போய்ச் சொல்லியிருக்கிறார், உன் டிரைவர் பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டுகிறான் என்று. ராஜாராம் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாடா தினேசு, என் மெஷின்ல குந்திக்கினு பாட்டு கேக்கறியா? நாளைக்கி நீ வர வாணாம்!"

என்னால் பொறுக்க முடியவில்லை. நானே பேசப் போனேன், இவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பிறகு அவரே சொன்னார்.

"பாட்டு இல்லண்ணா. வலது காது போயிடுச்சி. இன்னொன்னும் போவாம இருக்க ஹெட்செட்ட மாட்டிக்கினேன்."

அண்ணன் முன்னால் குனிந்து, "இன்னா?" என்றார்.

இவர் உரக்கத் திரும்பச் சொன்னார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும் அதே மெஷின ஓட்டனவன்தானடா. எனக்கு ரெண்டும் பாதிதான். அதுக்குத்தான் இப்படிக் கத்திக்கினு கெடக்கறேன்."

காபி கொடுத்தேன், டாக்டர் சொன்னதையும் பரணில் உறை கிடப்பதையும் சொன்னேன். போகும்போது பரணைக் காட்டி, "மேல வெச்சிருக்கியே உற, அத்த எடுத்து மாட்டு. எனக்கும் ஒன்னு வாங்கியா" என்றார். தெருவில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

6 பிப்ரவரி, வியாழன்

கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பெருநகருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தூரத்திலிருந்தே மஞ்சள் உறை தெரிந்தது. வயல்காரர் கத்தவில்லை. வரப்பில் நின்று சிவப்புத் துண்டை ஆட்டினார், இவர் மெஷினைத் திருப்பினார்.

என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு இறங்கினார். உறையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வழக்கம்போல் என் வலப்பக்கம் வரச் சுற்றப் போனார். சுற்றுகிற வேலை அவருக்கு மிச்சம். நான் முன்பே அவருக்கு இடப்பக்கமாகத்தான் நின்றிருந்தேன்.

"கொழம்பு இன்னா?" என்றார்.

மெதுவாகவே சொன்னேன். "கருவாடு."

சிரித்தார்.